மிதி, மெரிடியன், உச்சிப்பொழுது
(செலியமேட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



படிப்புக்காகச் சொத்தை எழுதிவைப்பது நம் பாகூர் கொம்யூனுக்குப் புதிய சங்கதி அல்ல. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களின் வருவாயை விட்டுக்கொடுத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. அந்த வரிசையில் இன்றைய நிகழ்ச்சியும் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறேன்.

அழைப்பிதழில் 'சூரியனைப் பற்றிய ஆங்கிலச் சொற்களும் அவற்றின் பொருளும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அகராதியைப் பிரித்து வரிசையாக வாசிப்பதற்கு நான் தேவையில்லை. உங்கள் பிள்ளைகள் கையில் இருக்கும் போனே போதும். இந்தச் சொற்களெல்லாம் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு குறுக்குக்கோட்டில் நின்று வானத்தைப் பார்த்தவர்கள் உண்டாக்கியவை. பாகூர் வரப்பில் நின்று அதே வானத்தைப் பார்த்தால் சில சொற்கள் பொருந்தும், சில பொருந்தா. நான் பேசப்போவது அதைப் பற்றித்தான். புதுச்சேரிக்கு இதில் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய பங்கு இருக்கிறது.

தினம் சொல்லும் ஏ.எம்., பி.எம். இரண்டிலிருந்து தொடங்குகிறேன். அவை லத்தீனில் 'உச்சிக்கு முன்', 'உச்சிக்குப் பின்' என்ற சொற்களின் சுருக்கம். மெரிடியன் என்றால் சூரியன் உச்சியைத் தொடும்போது கடக்கிற கோடு. அப்படியானால் 12 மணிக்குச் சூரியன் உச்சியில் இருக்க வேண்டும் அல்லவா? இருப்பதில்லை. இந்திய நேரம் கணக்கிடப்படுவது 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டை வைத்து. அது ஆந்திரத்தில் காக்கிநாடா பக்கமாகப் போகிறது. நாம் அதற்கு மேற்கே, 79.8 பாகையில் இருக்கிறோம். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் நமக்கு ஏறக்குறைய 11 நிமிடம் தாமதம். இதோடு பூமி ஒரே வேகத்தில் சுற்றி வராததும், அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்துகொள்கின்றன. அதனால் பிப்ரவரி நடுவில் நமக்கு உச்சிப்பொழுது 12:25 வாக்கில். நவம்பர் தொடக்கத்தில் 11:55க்கே வந்துவிடும். கடிகாரத்தை நம்பாமல் நிழலைப் பார்த்துச் சோற்றுக்கு வரப்பேறிய நம் பாட்டன்மார், ஏ.எம்., பி.எம். என்ற சொற்களுக்குக் கடிகாரத்தைவிட நேர்மையாக நடந்துகொண்டார்கள். ஆங்கிலத்தின் 'நூன்' கதை இன்னும் வேடிக்கை. ஒன்பதாம் மணி என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. முதலில் பிற்பகல் மூன்று மணியைக் குறித்தது. காலப்போக்கில் நழுவி நழுவிப் பன்னிரண்டில் வந்து நின்றது.

புதுச்சேரியில் பிரெஞ்சு பேசும் குடும்பங்களில் நண்பகலுக்கு 'மிதி' என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது வேறாகக் கேட்டாலும் பொருத்தமாகத்தான் கேட்கும். சொந்த நிழலையே காலால் மிதிக்கிற நேரம் அது. பிரெஞ்சில் அதற்குத் தெற்கு என்றும் பொருள் உண்டு. பிரான்சின் தென்பகுதிக்கே 'மிதி' என்றுதான் பெயர். காரணம் எளிது. பாரிசில் நின்றால் ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தெற்கேதான் நிற்கும். வடக்கே வரவே வராது.

நம் ஊரில்? ஏப்ரல் 21ஐ ஒட்டிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அன்று 12:10 வாக்கில் நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. பிறகு சூரியன் நம்மைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. ஜூன் 21இல் நம் தலைக்கு வடக்கே 11½ பாகை தள்ளி நிற்கிறது. திரும்பி வந்து ஆகஸ்ட் 21 வாக்கில் மறுபடி தலைக்கு நேரே. ஆக, ஆண்டில் நான்கு மாதம் நம் நண்பகல் நிழல் தெற்குப் பக்கம் விழுகிறது. வீட்டின் தென்னண்டைச் சுவருக்குச் சித்திரை, வைகாசியில் உச்சிவெயில் படாது என்பது கொத்தனாருக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் எங்கோ குளிர்நாட்டில் வரைந்த படத்தில் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கிறது. பையன் அதை மனப்பாடம் செய்துவிட்டு வெளியே வந்து ஜூன் மாத நிழலைப் பார்க்கிறான். எதை நம்புவான்? நிழலை நம்பு என்பேன்.

இன்னொன்று. ஆங்கிலத்தின் 'ஓரியண்ட்', பிரெஞ்சின் 'லெவான்' இரண்டும் கிழக்கைச் சூரியன் எழும் பக்கம் என்று சொல்கின்றன. தமிழின் கிழக்குக்கும் மேற்குக்கும் சூரியனோடு உறவு இல்லை. கீழே சரியும் பக்கம் கிழக்கு, மேடான பக்கம் மேற்கு. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்காலில் வரும் தென்பெண்ணைத் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடிப் பாகூர் ஏரியை அடைகிறது என்று பாருங்கள். கீழண்டை, மேலண்டை என்று நாம் சொல்வது வானத்தை வைத்து அல்ல, தண்ணீரை வைத்து.

அடுத்தது 'சோல்ஸ்டிஸ்', அதாவது சூரியன் நின்றுவிடும் நாள். அந்த நாள்களில் சூரியன் உதிக்கும் இடம் வடக்கேயோ தெற்கேயோ நகராமல் நிற்பதுபோல் தோன்றும். 'டிராபிக்' என்றால் திரும்புமிடம். நம் அயனமும் இதைத்தான் பேசுகிறது. ஆனால் ஒரு சிக்கல். தெற்கே போன சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இல். நாம் உத்தராயணப் பிறப்பு என்று பொங்கல் வைப்பது ஜனவரி 14, 15இல். ஏறக்குறைய 24 நாள் வித்தியாசம். பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுவதால், பருவத்தை வைத்த ஆண்டும் விண்மீனை வைத்த ஆண்டும் ஒன்றாக இல்லை. ஆண்டுக்கு 20 நிமிட இடைவெளி. 70 ஆண்டு கடந்தால் ஒரு நாள் ஆகிவிடும். நம் பஞ்சாங்கம் விண்மீனைப் பிடித்துக்கொண்டது, அதனால் பொங்கல் நகர்ந்துகொண்டே போகிறது.

இதைச் சொன்னதும் 'அப்போ நம்ம பெரியவங்க கணக்கு தப்பா?' என்று ஒருவர் கேட்பார். 'வெள்ளைக்காரன் கணக்குதான் சரி' என்று இன்னொருவர் சொல்வார். இருவருக்கும் ஒரு தகவல். மகர ரேகை என்று பூகோளத்தில் படிக்கிறோமே, டிசம்பரில் அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கும் சூரியன் இன்று வானத்தில் மகர விண்மீன்களுக்கு இடையில் இல்லை, தனுசில் இருக்கிறது. கடக ரேகைக்கும் இதே நிலைதான். ஆங்கிலப் பூகோளமும் ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய வானத்தின் பெயரைத்தான் இன்றும் சுமக்கிறது. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை.

வெயிலுக்கு வருவோம். கத்திரி என்கிறோம். சூரியன் பரணி மூன்றாம் பாதத்திலிருந்து கார்த்திகையைக் கடந்து ரோகிணி முதல் பாதம் வரை போகிற காலம். சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை. கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி என்பதால் அக்னி நட்சத்திரம். ஐரோப்பாவிலும் இதே புத்தி வேலை செய்திருக்கிறது. அவர்களுக்குக் கடும் வெயில் ஜூலை, ஆகஸ்டில். அப்போது விடியலில் சூரியனோடு எழுவது நாய் விண்மீன் எனப்படும் சிரியஸ். அதனால் ரோமர்கள் 'நாய் நாள்கள்' என்றார்கள், ஆங்கிலமும் அப்படியே எடுத்துக்கொண்டது. பிரெஞ்சில் வெப்ப அலைக்குக் 'கனிக்யூல்' என்று பெயர். அதன் பொருள் குட்டி நாய். 2003ஆம் ஆண்டின் கனிக்யூலில் பிரான்சில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். விண்மீனுக்கும் வெப்பத்துக்கும் சம்பந்தமில்லை. நம் ஊரில் ஏப்ரல் 21இல் சூரியன் நேர் மேலே வந்தபின், நிலம் சூடேறிச் சேர்த்துவைக்க இன்னும் சில வாரங்கள் பிடிக்கின்றன. மேல்காற்று வலுத்துக் கடல்காற்றை உள்ளே விடாத நாளில் பாகூர்ப் பக்கம் எப்படி வேகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

'சன்ஸ்ட்ரோக்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. வெயில் மேலே பட்டால்தான் ஆபத்து என்று அது நினைக்கவைக்கிறது. தகரக்கூரைக்குக் கீழே, வெயிலே படாமல் படுத்திருக்கிற வயதானவரும் அதில் சாவார். உடல் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவதுதான் விஷயம்.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் 'டிரான்சிட்' என்ற சொல் உண்டு. வெள்ளிக்கோள் சூரியனுக்குக் குறுக்கே ஒரு கருப்புப் பொட்டாக நகர்ந்து போவது. எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை வரும், பிறகு நூறாண்டுக்கு மேல் வராது. உலகின் வெவ்வேறு இடங்களில் நின்று இதைப் பார்த்தால் பொட்டு கடக்கும் பாதை சற்றே மாறித் தெரியும். கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடினால் விரல் நகர்வதுபோலத் தெரிகிறதே, அதுதான். அந்த நகர்வை அளந்தால் சூரியன் எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டுவிடலாம். 18ஆம் நூற்றாண்டில் அந்தத் தூரம் யாருக்கும் சரியாகத் தெரியாது. எனவே 1761க்கும் 1769க்கும் ஐரோப்பிய அரசுகள் உலகெங்கும் ஆள் அனுப்பின. பிரெஞ்சு அறிவியல் கழகத்திலிருந்து கியோம் லெ ஜாந்தி என்பவர் புறப்பட்ட இடம் பிரான்ஸ். சேர வேண்டிய இடம் நம் புதுச்சேரி.

அவர் 1760 மார்ச்சில் கப்பலேறினார். வழியில் பிரெஞ்சு, ஆங்கிலச் சண்டை. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. செய்தி கேட்டுக் கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6, அந்த நாள், வானம் தெளிவு. ஆனால் மனிதர் நடுக்கடலில். ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரத்தை நம்ப முடியாது, நின்ற இடத்தின் நெடுங்கோடும் துல்லியமாகத் தெரியாது. பார்த்தார், பார்த்தது பயன்படவில்லை.

வேறொருவராக இருந்தால் ஊருக்குத் திரும்பியிருப்பார். இவர் எட்டு ஆண்டு காத்திருப்பது என்று இந்தியப் பெருங்கடலிலேயே தங்கிவிட்டார். மணிலாவுக்குப் போனார், 1768 மார்ச்சில் புதுச்சேரிக்கு வந்தார். ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியிருந்தது, ஆனால் கோட்டை தரைமட்டம். ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் அந்த இடிபாடுகளின் மேலேயே அவருக்கு ஒரு வானோக்குக் கூடம் கட்டிக்கொடுத்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள் ஒரு தொலைநோக்கியும் அனுப்பினார்கள். ஒரு தலைமுறைக்குள் மீண்டும் மீண்டும் அடித்துக்கொண்டவர்கள் சூரியனுக்காகக் கடன் கொடுத்துக்கொண்டார்கள்.

1769 மே மாதம் முழுக்க விடியல்கள் பளிச்சென்று இருந்தன. ஜூன் 4 விடியலில்தான் நிகழ்வு. அன்றைக்குப் பார்த்து வானம் மூடிக்கொண்டது. கடற்கரைப் பக்கம் ஜூன் மாதம் விடிகாலையில் கிழக்கே கருமேகம் திரண்டு நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; அதுபோல ஒரு மேகம். வெள்ளி சூரியனைக் கடந்து வெளியேறி முடிந்த பிறகு, காலை 7 மணியை ஒட்டி, மேகம் விலகியது. அன்று பகல் முழுக்க வெயில் அடித்தது. அவர் விட்டுவிட்டு வந்த மணிலாவிலோ அந்த நேரம் வானம் சுத்தமாக இருந்தது. 1771இல் பிரான்ஸ் திரும்பியபோது அவர் செத்துப்போனதாக முடிவுகட்டி உறவினர் சொத்தைப் பங்குபோடத் தொடங்கியிருந்தார்கள். அறிவியல் கழகத்திலும் அவர் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. மற்றவர்கள் எடுத்த அளவுகளை வைத்துப் பிரெஞ்சு வானியலாளர் லலாந்து அதே ஆண்டு சூரியனின் தூரம் 15 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர் என்று கணித்தார். இன்றைய கணக்கு 14 கோடியே 96 லட்சம்.

பெரும்பாலோர் இந்தக் கதையை இங்கே நிறுத்திவிட்டு 'உச்' கொட்டுவார்கள். எனக்கு இதற்கு மேல்தான் அக்கறை. காத்திருந்த நாள்களில் லெ ஜாந்தி சும்மா இருக்கவில்லை. உள்ளூர்த் தமிழர்களிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். தாளில் நீளநீளமாக எழுதாமல், சோழிகளை நகர்த்தி, மனப்பாடமான வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து அவர்கள் போட்ட கணக்கு அவரை அசத்தியது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவை அந்த முறையில் போட்டுச் சரிபார்த்தார். தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைவாக வந்தது. ஐரோப்பாவில் அப்போது பெயர்பெற்றிருந்த தோபியாஸ் மயரின் அட்டவணை 68 வினாடி அதிகமாகக் காட்டியது. லெ ஜாந்தியே இதை எழுதி அச்சிட்டார்.

இதைக் கேட்டு உடனே கைதட்டிவிட வேண்டாம். கதைக்கு மறுபாதி இருக்கிறது. 1825இல் ஜான் வாரன் என்பவர், ஆங்கிலேயப் படையில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர், சென்னை வானோக்குக் கூடத்தையும் சில ஆண்டு கவனித்தவர், 'கால சங்கலித' என்ற பெரிய புத்தகத்தைச் சென்னையில் அச்சிட்டார். பிறகு புதுச்சேரியிலேயே 1830இல் காலமானார். புதுச்சேரியில் இருந்த பஞ்சாங்கக்காரர் ஒருவர் தனக்கு முன்னால் தரையில் சோழி பரப்பிக் கிரகணம் போட்டுக் காட்டியதை அவர் பதிவு செய்திருக்கிறார். பெயரைச் 'சாமி நாடன் சாஷியா' என்று எழுதுகிறார். சாமிநாத சேஷய்யாவாக இருக்கலாம் என்பது என் ஊகம். 1825 மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்துக்கு அவர் சொன்ன தொடக்க நேரம் 4 நிமிடம்தான் பிசகு. நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. அவருக்கு நினைவாற்றல் அபாரம், ஆனால் தான் போடும் கணக்கின் பின்னாலிருக்கும் தத்துவம் தெரியாது என்றும் வாரன் சொல்கிறார். ஆணவமாகத் தோன்றலாம், ஆனால் என் அனுபவத்தில் இன்றைய பள்ளிக்கூடத்துக்கும் அது பொருந்துகிறது.

1952இல் கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கபவர் 'தமிழ் வானியல்' என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். அவர் பார்த்தது பிசகை அல்ல. 248 நாளுக்கு ஒருமுறை சந்திரனின் வேக ஏற்ற இறக்கம் ஒன்பது சுற்று முடித்துவிடும் என்ற கணக்கு, பாபிலோனியக் களிமண் பலகைகளில் இருப்பது, நாளுக்கு ஒரு வாக்கியமாக 248 வாக்கியங்களாகப் புதுச்சேரியில் ஒரு மனிதர் வாயில் உயிரோடு இருந்திருக்கிறது. வாக்கியத்தின் எழுத்துகளே எண்கள். இன்றும் நம் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதமா என்று திதிக்குச் சண்டை வருகிறதே, அதில் வாக்கியம் என்பது இதுதான். கிரகண நேரத்துக்கு நான் திருக்கணிதத்தைத்தான் பார்ப்பேன். வாக்கியத்தின் மேல் எனக்கு உள்ள மரியாதை வேறு காரணத்துக்கு.

சென்னையில் இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் நின்றவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. வானோக்குக் கூடத்தில் உதவியாளர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். பஞ்சாங்கத்தைக் கண்ணால் பார்த்த வானத்தோடு ஒத்துப்போகும்படி திருத்த வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார். 1874இல் மறுபடி வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதை விளக்கித் தமிழிலும் பிற மொழிகளிலும் சிறுநூல் வெளியிட்டார். லெ ஜாந்திக்குப் புரிந்த விஷயம் புதுச்சேரி மீனவருக்கும் புரிய வேண்டும் என்று நினைத்த முதல் ஆள் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

'எக்லிப்ஸ்' என்ற சொல் கிரேக்கத்தில் வராமல் போவதைக் குறிக்கும். கிரகணம் என்றால் பிடிப்பது. நாமும் 'கிரகணம் பிடிச்சிருக்கு' என்கிறோம். அன்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிற்கவைத்துக் காட்டுவார்கள். அடி சமமாக இருக்கிற உலக்கை எந்தச் செவ்வாய்க்கிழமையும் நிற்கும். வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள். 1868 ஆகஸ்ட் 18 முழு கிரகணத்தின்போது குண்டூரில் பிரான்சின் ஜான்சென், மசூலிப்பட்டினத்தில் சென்னைக் கூடத்தின் போக்சன், வனபர்த்தியில் ரகுநாதாச்சாரி என்று ஆளுக்கொரு இடத்தில் நின்றார்கள். சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் கோடு என்று முதலில் எண்ணினார்கள். இடம் சற்றுத் தள்ளியிருந்தது. இங்கிலாந்தில் லாக்கியர் அதற்குக் கிரேக்கச் சூரியன் பெயரால் ஹீலியம் என்று பெயரிட்டார். பூமியில் அந்தப் பொருள் 1895இல்தான் அகப்பட்டது. திருவிழாவில் பிள்ளை கையில் பறக்கிற பலூனில் இருக்கிற வாயு, முதலில் தலைகாட்டியது நமக்கு வடக்கே ஒரு நாள் ரயில் பயணத்தில் இருக்கும் ஊர்களில். கொடைக்கானலில் 1909இல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டதும், 2023 செப்டம்பர் 2இல் ஆதித்யா எல்-1 புறப்பட்டதும் தனிச் சொற்பொழிவுக்கு உரியவை.

ஒரே ஒரு சொல் சொல்லி முடிக்கிறேன். 'ஆனுலர்' என்றால் வளையம். மாணவர்கள் பலர் அதை 'ஆனுவல்' என்று படித்து, ஆண்டுதோறும் வரும் கிரகணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2019 டிசம்பர் 26 காலையில் கோவை, கரூர், திண்டுக்கல் பக்கம் சூரியன் வளையமாகத் தெரிந்தது, நமக்குப் பெரும்பகுதி மறைந்த பிறையாக. அன்று நான் மேலே பார்க்கவே இல்லை. ஒரு புங்கமரத்தடியில் தரையைப் பார்த்தேன். இலை இடுக்கெல்லாம் ஊசித்துளைபோல் வேலை செய்து, மண்ணில் நூற்றுக்கணக்கான பிறைகள். காற்று அசைந்தால் அத்தனையும் சேர்ந்து அசைந்தன.

அடுத்த வளைய கிரகண வாய்ப்பு 2031 மே 21. வளையம் கேரளம் வழியாகத் தென்தமிழகத்தைக் கடக்கிறது. நமக்கு மறுபடி பிறைதான், பிற்பகல் ஒரு மணியை ஒட்டி, கத்திரி நடுவில், சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே. வெறும் கண்ணாலோ எக்ஸ்ரே பிலிமாலோ பார்க்காதீர்கள். விழித்திரை வலிக்காமலேயே வெந்துபோகும். உச்சிவெயில் என்பதால் பிறைகள் மரத்துக்கு நேர் கீழே, கோணாமல் விழும். இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அன்று இதைத் தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் காட்டலாம். அதுவரை ஊரில் நிற்கிற புங்கமரங்களை யாரும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.